தனியாக இருக்கும் அப்பா ஜெர்பிலோடு ஆறு வார ஆண் குட்டிகளைச் சேர்க்கலாமா?

கொறிக்கும்வீடு (லெஸ்டர், இங்கிலாந்து):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், கதையை முழுசாகச் சொன்னால்தான் என் குழப்பம் புரியும்.

எங்கள் வீட்டுக்கு ஜெர்பில் (எலி மாதிரி ஒரு சின்ன வளர்ப்புப் பிராணி) வந்தது மகளின் பிறந்தநாளுக்கு. இரண்டுமே பெண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். ஒன்றுக்குக் கடலை, இன்னொன்றுக்குப் பொரி என்று மகள் பெயர் வைத்தாள். சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில் தொட்டிக்குள் கீச் கீச் என்று சத்தம், அப்போதுதான் கடலை ஆண் என்று தெரிந்தது. முதல் ஈத்தில் மூன்று குட்டிகள், மூன்றையும் ஒரே வீட்டில் கேட்டு வாங்கிப் போனார்கள். இரண்டாம் ஈத்தில் நான்கு பிறந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது, இப்படியே போனால் வீடு எலிப்பண்ணை ஆகிவிடும் என்று பிறந்த இரண்டாம் நாளே கடலையைத் தூக்கித் தனித் தொட்டியில் போட்டுவிட்டேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு. சரியாக 38 நாள் கழித்து, ஆண் வாடையே இல்லாத தொட்டியில், பொரி மறுபடியும் நான்கு குட்டி போட்டாள்! என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

இரண்டாம் ஈத்துக் குட்டிகளை இரண்டிரண்டாகத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று. கடைசி ஈத்தில் ஆண் இரண்டு, பெண் இரண்டு, நேற்றோடு ஆறு வாரம் முடிந்தது. இவற்றை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. பெண் குட்டிகள் தாயோடு இருக்கட்டும். பிரச்சினை ஆண்கள்தான். கடலைக்கு இப்போது 14 மாதம், தனியாக இருக்க ஆரம்பித்து 11 வாரம் ஆகிறது. முன்பெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தால் அரை மணியில் தூள் தூளாக்குவான். இப்போது ஒரு மூலையில் போய் உட்கார்ந்து கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறான், உடம்பும் போட்டுவிட்டது, மூக்குப் பக்கத்தில் வேறு சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

நேற்று ஆர்வக்கோளாறில் ஒரு தப்பு செய்தேன். ஆண் குட்டிகளில் பெரியதைத் தூக்கி நேராகக் கடலையின் தொட்டியில் விட்டேன். அப்பன்தானே, தெரியாமலா போகும் என்று நினைத்தேன். முதலில் மோந்து பார்த்தான், அப்புறம் முடியெல்லாம் சிலிர்த்து உடம்பு ஒன்றரை மடங்காகத் தெரிந்தது, வாலை அப்படியும் இப்படியும் அடித்துக்கொண்டு பக்கவாட்டில் வந்து குட்டியை இடித்தான், அது கத்திக்கொண்டு ஓடியது, இவன் துரத்தினான். பத்து நொடிகூட இருக்காது, கையை விட்டு எடுத்துவிட்டேன். காயம் எதுவும் இல்லை. ஆனால் "அப்பாவே பிள்ளையை அடிக்கிறாரே" என்று மகள் ஒரே அழுகை.

இரண்டு குட்டிகளையும் கடலையோடு சேர்க்க முடியுமா, ஒன்றை மட்டும் சேர்க்கலாமா, இல்லை அண்ணன் தம்பியை ஒன்றாக வைத்துவிட்டு கடலையை அப்படியே தனியாக விட்டுவிடுவதா? மூன்றாவது தொட்டி நிரந்தரமாக வைக்க வீட்டில் இடம் இல்லை, வைத்தால் நான் வாசலில்தான் படுக்க வேண்டும். ஆணுக்கு விதை நீக்கும் அறுவை சிகிச்சை செய்தால் சண்டை குறையும் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?

மணல்குளியல் (பர்மிங்ஹாம்):

முதலில் அந்த 38 நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஜெர்பில் பெண் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி இணை சேரும். நீங்கள் இரண்டாம் நாள் பிரித்தீர்கள், அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. சாதாரணமாக 24 முதல் 26 நாளில் ஈன்றுவிடும், ஆனால் மடியில் பால் குடிக்கும் குட்டிகள் இருந்தால் புதுக் கரு கர்ப்பப்பையில் ஒட்டுவதே தள்ளிப்போகும், அதனால் நாள் கூடும். உங்கள் பொரி செய்தது அதைத்தான். கடலை அதற்குப் பிறகு பக்கத்திலேயே வரவில்லை என்றால் இனி நாலாம் ஈத்து கிடையாது, நிம்மதியாக இருங்கள்.

அப்புறம், மகளிடம் சொல்லுங்கள், கடலைக்கு அது தன் பிள்ளை என்று தெரியாது. அவன் போன பிறகு பிறந்த குட்டிகள் அவை, ஒரு நாள்கூடச் சேர்ந்து படுத்ததில்லை. ஜெர்பிலுக்குச் சொந்தம், அந்நியம் எல்லாம் மூக்கில்தான் இருக்கிறது. அடிவயிற்றில் நடுவில் முடியில்லாத ஒரு கோடு மாதிரி இருக்கும் பாருங்கள், அது வாசனைச் சுரப்பி, ஆணுக்குப் பெரிதாக இருக்கும். அதைத் தேய்த்துத் தேய்த்துத்தான் தன் இடத்தை அடையாளம் வைக்கும். மங்கோலியப் புல்வெளியில் ஒரு வளையில் ஒரு குடும்பம் வாழும், வேற்று வாசனையோடு யார் வந்தாலும் விரட்டும். உங்கள் கடலை 11 வாரமாக ஒரு தொட்டி முழுக்கத் தன் வாசனையைப் பூசி வைத்திருக்கிறான், நடுவில் திடீரென்று வானத்திலிருந்து ஒருத்தன் குதிக்கிறான். விரட்டாமல் என்ன செய்வான்? குட்டியைக் கூடவே இருந்து வளர்த்த அப்பனைக்கூட இரண்டு நாள் பிரித்து வைத்துவிட்டு நேராக விட்டால் இதே கதை நடக்கலாம்.

நல்ல சேதி என்னவென்றால் உங்கள் குட்டிகளின் வயது. ஏறக்குறைய எட்டு வாரம் வரைக்கும் குட்டிக்கு வளர்ந்த ஆணின் வாசனை வந்திருக்காது, பெரிய ஆண்கள் அதைப் போட்டியாளராகப் பார்ப்பது குறைவு. ஜெர்பில் ஆண்கள் இயல்பாகவே குட்டிகளோடு ஒட்டிக்கொள்பவை, நக்கிவிடும், மேலே படுத்துச் சூடு கொடுக்கும். வளர்ந்த ஆண் இரண்டைச் சேர்ப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். ஆனால் அந்த எட்டு வாரத்துக்கு உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது, தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் ஆண்களைப் பிரிப்பதற்கும் அதே கெடுதான். தள்ளிப்போட வேண்டாம்.

பிரிக்கும் முன் நான்கு குட்டிகளையும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் இத்தனையும் நடந்திருக்கிறது. குட்டியைக் கையில் ஏந்தி வாலின் அடிப்பக்கம் பாருங்கள். பெண்ணுக்கு இரண்டு துவாரமும் கிட்டக் கிட்ட இருக்கும், ஆணுக்கு நடுவில் நல்ல இடைவெளி இருக்கும், ஆறு வாரத்தில் வாலடி சற்றுப் புடைத்தும் தெரியும். வால் நுனியைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோல் உரிந்து கையோடு வந்துவிடும்.

இரண்டையுமே சேருங்கள். ஒன்றை மட்டும் சேர்த்தால் மற்றது தனியாகிவிடும், அப்புறம் அதற்கு ஒரு ஜோடி தேடி அலைய வேண்டும்.

முறை இதுதான். ஒரு தொட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, நடுவில் கம்பி வலைத் தடுப்பு வையுங்கள். வலைக்கண் 6 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது, மூக்கு நீட்டி மோந்து பார்க்கலாம், கால் விரலைக் கடிக்க முடியாது. மரச்சட்டத்தில் வலையை அடித்து, பக்கத்திலும் அடியிலும் மேலேயும் ஒரு விரல்கூடப் போகாதபடி இறுக்கமாக வையுங்கள். பிளாஸ்டிக் தடுப்பு வேண்டாம், ஒரே இரவில் கடித்து வழி செய்துவிடும், காலையில் நீங்கள் பார்ப்பது நல்ல காட்சியாக இருக்காது. ஒரு பக்கம் கடலை, மறுபக்கம் குட்டிகள் இரண்டும். ஆழமாக மரத்தூள் போடாதீர்கள், அடியில் தோண்டிப் போய்த் தடுப்பை ஆட்டிவிடும், நான்கைந்து சென்டிமீட்டர் போதும். ஓடி விளையாடும் சக்கரம், வீடு எதுவும் வேண்டாம், இரண்டு பக்கமும் தண்ணீர்ப் புட்டி, கூடு கட்டக் கொஞ்சம் மெல்லிய காகிதம்.

பிறகு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ஆள்மாற்றம். கடலை குட்டிகள் இருந்த பக்கத்துக்கு, குட்டிகள் கடலை இருந்த பக்கத்துக்கு. மரத்தூளையும் கூட்டையும் தொடாதீர்கள், மாற்றுவதே அடுத்தவன் படுத்த கூட்டில் இவன் படுக்கட்டும் என்றுதான். நாலைந்து நாளில் இது யார் வாசனை, அது யார் வாசனை என்ற கணக்கே குழம்பிவிடும். குட்டிகளுக்குக் குறைந்தது ஐந்து நாள், ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் வலையை ஒட்டிக் கூடு கட்டி, ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்த மாதிரி தூங்கினால் தயார் என்று அர்த்தம். வலையைக் கடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் அதைப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், இன்னும் காத்திருங்கள்.

தடுப்பை எடுக்கும் நாள் நீங்கள் வீட்டில் இருக்கிற நாளாக இருக்கட்டும், காலையிலேயே எடுங்கள், கையில் தடிமனான தோட்டக் கையுறை. மோந்து பார்ப்பது, கொஞ்சம் துரத்துவது, மேலே ஏறுவது, குட்டி கீச்சிட்டுக் குனிந்து படுப்பது, இதெல்லாம் நடக்கும், பதற வேண்டாம். கடலை குட்டியின் தலையையும் கழுத்தையும் நக்க ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முடி சிலிர்த்து, வால் அடித்து, பக்கவாட்டில் நின்று இடிக்க வந்தால் ஒரு அட்டைத் துண்டை நடுவில் விடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பந்து மாதிரி உருண்டால் உடனே பிரியுங்கள், வெறுங்கையை விடவே விடாதீர்கள், எலும்பு வரை கடி இறங்கும். அப்படி ஆனால் மறுபடி தடுப்பு, மறுபடி ஒரு வாரம்.

மூக்கில் சிவப்பு பெரும்பாலும் ரத்தமாக இருக்காது. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வருகிற நிறம் அது, மன அழுத்தம் இருந்தால், அல்லது மரத்தூள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதிகமாகத் தெரியும். ஈரப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள், புண்ணாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சை பற்றி என் கருத்து, இதற்காக வேண்டாம். 90 கிராம் உயிருக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஒரு கண்டம், அதைச் செய்துவிட்டு வந்தாலும் வாசனை பழக்குகிற வேலையை நீங்கள் செய்துதான் ஆக வேண்டும்.

சும்மா_ஒரு_எலி (டொராண்டோ):

இவ்வளவு சடங்கு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. நான் போன வருடம் ஒரு வயது ஆணோடு இரண்டு ஆண் குட்டிகளை விட்டேன், வலையும் இல்லை, ஒன்றும் இல்லை. குளியல் தொட்டியில் ஒரு துண்டை விரித்து மூன்றையும் விட்டேன், பத்து நிமிடம் மோந்து பார்த்தன, அன்று இரவே ஒரே குவியலாகத் தூங்கின. இன்றுவரை சண்டை இல்லை. எல்லாவற்றையும் பெரிதுபடுத்தினால் புதிதாக வளர்ப்பவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள்.

மணல்குளியல்:

தம்பி, உங்கள் குட்டிகளுக்கு என்ன வயது?

சும்மா_ஒரு_எலி:

ஐந்து வாரம் இருக்கும் அக்கா.

மணல்குளியல்:

அதுதான். ஐந்து வாரக் குட்டி, யாருக்கும் சொந்தமில்லாத குளியல் தொட்டி, சாந்தமான ஆண், மூன்றும் உங்களுக்குக் கூடி வந்திருக்கிறது. அப்படி நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை, பல பேருக்கு நடந்திருக்கிறது. ஆனால் இவர் வீட்டுக் கடலை ஏற்கெனவே ஒரு முறை சிலிர்த்துத் துரத்திவிட்டான். ஒருமுறை விரட்டிய மூக்குக்கு முன்னால் சூதாட வேண்டாம். ஒரு வாரம் வலை வைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை, வைக்காமல் போனால் போவது ஒரு குட்டி.

டோர்ட்முண்ட்_பெடியன் (ஜெர்மனி):

அக்கா சொன்ன முறைதான் இங்கேயும் எல்லாரும் செய்கிறது. நான் அதுக்குப் பிறகு நடக்கிறதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்க்கிறதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்து நான் அடி வாங்கினவன்.

என்னிடம் ஒரு தகப்பனும் மூன்று ஆண் குட்டிகளும் இருந்தன. தகப்பன் தொடக்கத்திலிருந்தே குட்டிகளோடு இருந்தவன், பிரச்சினையே இல்லை, நாலும் ஒன்றாய்த்தான் படுக்கும். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் பார்க்கிறேன், ஒரு குட்டி மட்டும் தண்ணீர்ப் புட்டிக்கு மேலே ஏறி மூலையில் நிற்கிறது, கீழே இறங்க விடுகிறார்கள் இல்லை. வடிவாகப் பார்த்தால் வாலடியில் கடி. அவனை எடுத்துத் தனியே வைத்தேன், திரும்பச் சேர்க்க இரண்டு முறை வலை வைத்துப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் அவனுக்கு வேறு இடத்திலிருந்து ஐந்து வாரக் குட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தேன், அவையள் இரண்டு பேரும் நல்ல ஒற்றுமை.

சொல்ல வருகிறது என்னவென்றால், இரண்டு பேர்தான் ஜெர்பிலுக்கு உறுதியான எண்ணிக்கை. மூன்று ஆண்கள் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும், பெண்கள் மூன்று பேரை விட எவ்வளவோ மேல். ஆனால் குட்டிகள் வளர்ந்து ஆளாகிற நேரம் கவனம் வேண்டும். நிரந்தரமாக மூன்றாவது தொட்டி வேண்டாம், சரி, ஒரு பழைய தொட்டியை எங்கேயாவது கட்டிலுக்கு அடியில் வைத்திருங்கள். தேவைப்படுகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும், கடை எல்லாம் பூட்டியிருக்கும்.

சமையல் தராசில் கிழமைக்கு ஒரு தரம் மூன்றையும் நிறுத்து எழுதி வையுங்கள். ஒருவன் மட்டும் மெலிந்துகொண்டு போனால் சாப்பிட விடுகிறார்கள் இல்லை என்று அர்த்தம், சண்டை கண்ணுக்குத் தெரிகிறதுக்கு முதலே தராசு சொல்லிவிடும். தீனியைக் கிண்ணத்தில் வைக்காமல் தொட்டி முழுக்கத் தூவுங்கள், ஒருவன் கிண்ணத்தில் ஏறி இருந்துகொண்டு ராசா வேலை பார்க்க முடியாது. வீடு வைத்தால் இரண்டு வாசல் உள்ளதாக வையுங்கள். துப்புரவு செய்கிற நேரம் மரத்தூள் முழுவதையும் கொட்டாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு பழையதை விட்டு அதோடு கலவுங்கள், எல்லாம் புதிது என்றால் வாசனை போய்விடும், திரும்ப யார் பெரியவன் என்று தொடங்குவார்கள். ஒருவனை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டி வந்தால் மூன்றையும் ஒரே பெட்டியில் கொண்டுபோங்கள். ஒருவனை மட்டும் ஓர் இரவு வெளியில் வைத்துவிட்டுக் கொண்டுவந்தால் அவன் ஊரான்தான்.

தாயும் இரண்டு பெண் குட்டிகளும் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேயும் ஒரு கண் இருக்கட்டும். பெண்கள் சண்டை பிடித்தால் ஆண்களை விட மோசம்.

வரப்போரம் (தஞ்சாவூர்ப் பக்கம்):

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன், மன்னிக்கவும். ஜெர்பில் என்று படம் தேடிப் பார்த்தால் எங்கள் வயலில் வரப்பைத் தோண்டிப் போடுகிற வெள்ளெலி மாதிரியே இருக்கிறது. வால் நுனியில் அந்த முடிக்குஞ்சம்கூட. இதற்கா இத்தனை வலை, தராசு, மருத்துவர்? எங்கள் ஊரில் அறுப்பு முடிந்ததும் வளையைத் தோண்டிப் பிடிக்க ஆள் வருவார்கள், உள்ளே படி கணக்கில் நெல் சேர்த்து வைத்திருக்கும்.

மணல்குளியல்:

நீங்கள் சொல்வது சரிதான், நம் வயல் வெள்ளெலியும் ஜெர்பில் இனம்தான், தூரத்துச் சொந்தம். ஊரில் ஹாம்ஸ்டரையும் வெள்ளெலி என்றே பலர் சொல்வதால்தான் குழப்பம். ஹாம்ஸ்டர் வேறு குடும்பம், சிரியன் ஹாம்ஸ்டரைத் தனியாகத்தான் வைக்க வேண்டும், ஜெர்பிலைத் தனியாக வைக்கக் கூடாது. நாங்கள் இங்கே வளர்ப்பது மங்கோலிய ஜெர்பில். 1935ல் அங்கே பிடித்த 20 ஜோடிகளை ஜப்பானில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள், அங்கிருந்து 1954ல் அமெரிக்காவுக்குப் போயின, இன்று வீடுகளில் இருப்பதில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான். உங்கள் ஊர்க்காரரைவிட இவர் சின்னவர், பகலிலும் விழித்திருப்பார்.

கொறிக்கும்வீடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கணவர் மரச்சட்டமும் வலையும் வாங்கி வந்து சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து தடுப்பு செய்தார், வீட்டுக்கு அலமாரிகூட இவ்வளவு அக்கறையாகச் செய்ததில்லை. ஞாயிறு காலை குட்டிகளை மாற்றினேன். மறுபடி பார்த்தேன், இரண்டும் ஆண்தான். மகள் உளுந்து, எள்ளு என்று பெயர் வைத்துவிட்டாள், எள்ளுதான் கறுப்பு.

இன்று நான்காம் நாள். முதல் இரண்டு நாள் கடலை வலையைக் கடித்தான், வாலை அடித்தான், பின்காலால் தரையைத் தட்டினான். நேற்றிலிருந்து தட்டுவது இல்லை. ஆனால் பயமாக ஒன்று நடந்தது. இன்று மதியம் பக்கம் மாற்ற எள்ளுவைக் கையில் எடுத்தபோது காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டான், மீசையெல்லாம் துடிக்கிறது, உடம்பு லேசாக உதறுகிறது, ஒரு நிமிடம் இருக்கும், எனக்கு உயிர் போய்விட்டது. கீழே விட்டேன், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி சூரியகாந்தி விதை தின்ன ஆரம்பித்தான். நான் ஏதாவது அழுத்திப் பிடித்துவிட்டேனா? இத்தோடு நிறுத்திவிடலாமா?

மணல்குளியல்:

நீங்கள் எதுவும் செய்யவில்லை. அது வலிப்பு. ஜெர்பில்களில் சிலவற்றுக்கு வம்சத்திலேயே அது உண்டு, இரண்டு மாத வயதை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். புது இடம், கையில் எடுப்பது, திடீர்ச் சத்தம், இந்த மாதிரி நேரத்தில் வரும், கொஞ்ச நேரத்தில் தானே போய்விடும், பெரும்பாலும் மருந்து எதுவும் தேவைப்படாது, வளர்ந்தால் பலவற்றுக்குக் குறைந்தும் விடும். வந்தால் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருங்கள், தேய்த்துவிடவோ தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். நீண்ட நேரம் நிற்காமல் வந்தாலோ அடிக்கடி வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

நிறுத்த வேண்டாம், மாற்றும் விதத்தை மாற்றுங்கள். கையால் பிடிக்காமல் ஒரு பெரிய கோப்பையையோ அட்டைக் குழாயையோ உள்ளே வையுங்கள், அவனாக ஏறி உட்காருவான், அப்படியே தூக்கி மறுபக்கம் வையுங்கள். ஒரு நாளைக்கு நாலு முறை மாற்றுவதை மூன்றாகக் குறையுங்கள். தடுப்பை எடுப்பதை மட்டும் இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள், சண்டை நடக்கும் நேரத்தில் ஒருவன் உறைந்து நின்றால் நல்லதல்ல.

டோர்ட்முண்ட்_பெடியன்:

ஓம், என் பெட்டை ஒருத்திக்கும் இருந்தது, மூன்று வயது வரைக்கும் சுகமாய் இருந்தாள். பயப்படாதீர்கள்.

கொறிக்கும்வீடு:

பத்தாம் நாள் எழுதுகிறேன். எள்ளுக்கு மறுபடி வரவில்லை, கோப்பை வித்தை அற்புதம், இப்போது கோப்பையைக் கண்டாலே மூவரும் ஓடி வந்து ஏறுகிறார்கள்.

ஏழாம் நாள் இரவு வலைக்கு இந்தப் பக்கம் கடலை, அந்தப் பக்கம் குட்டிகள், மூன்று முதுகும் வலையில் ஒட்டியபடி தூங்கின. இருந்தாலும் இன்னொரு நாள் பொறுத்தேன். நேற்று காலை 8 மணிக்குத் தடுப்பை எடுத்தேன், கையுறை, அட்டை, கோப்பை எல்லாம் தயார், மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆரம்பித்தேன், ஏதாவது ஆனால் அவள் பார்க்க வேண்டாம் என்று. முதலில் உளுந்துதான் போனான். கடலை அவனை மோந்து, ஒரு சுற்றுத் துரத்தி, மேலே ஏறி, இவன் கீச்சிட்டு அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிட்டான். நான் அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். கடலை குனிந்து அவன் காதுக்குப் பின்னால் நக்க ஆரம்பித்தான், கண்ணை மூடிக்கொண்டு உளுந்து அப்படியே கிடந்தான். எள்ளு இதையெல்லாம் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அரை மணி கழித்து அவனாக வந்து கடலையின் தாடைக்கு அடியில் தலையை நுழைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, யாரிடமும் சொல்லாதீர்கள்.

மதியம் ஒருமுறை சூரியகாந்தி விதைக்காகத் தள்ளுமுள்ளு, உளுந்தும் கடலையும் இரண்டு காலில் நின்று குத்துச்சண்டை போட்டார்கள், சிலிர்ப்பு இல்லை, கடி இல்லை, அடங்கிவிட்டது. இரவு நான் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன், கடைசியில் வாசலுக்குப் பதில் இங்கேயே என் படுக்கை வந்துவிட்டது. காலை 5 மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் கடலை நடுவில், பக்கத்துக்கு ஒருவன்.

எடை: கடலை 96 கிராம், உளுந்து 52, எள்ளு 49. எழுதி வைத்துவிட்டேன். பொரியும் இரண்டு பெண்களும் சுகம், குட்டிகள் போனதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. தொட்டி வெறிச்சென்று இருக்கிறது, மகள் சக்கரத்தை வைக்கச் சொல்லி நச்சரிக்கிறாள். கடலையின் பழைய சக்கரத்தைக் கழுவி வைத்துவிடலாமா, பெரிய தொட்டிக்கு எப்போது மாற்றலாம்?

மணல்குளியல்:

சக்கரம் இப்போது வேண்டாம். ஒரு சக்கரத்துக்கு மூன்று பேர், அதுவும் கடலை வாடை ஊறினது, சண்டைக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. இன்னும் ஒரு வாரம் இதே சின்ன இடத்திலேயே இருக்கட்டும். தினம் ஒரு கைப்பிடி மரத்தூளும் ஒரு அட்டைக் குழாயும் சேர்த்துக்கொண்டே போங்கள். அமைதியாகப் போனால் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், அதையும் வினிகர் போட்டுக் கழுவிக் காயவைத்து, இந்தத் தொட்டி மரத்தூளையே அதில் கொட்டுங்கள். அங்கே ஆழம் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள், தோண்டுவதற்கு இடம் இருந்தால் மூலையைச் சுரண்டுவது தானாக நிற்கும். மணலில் புரண்டு குளிக்கும் தட்டு அதற்கு மறுநாள். சக்கரம் எல்லாவற்றுக்கும் கடைசி, புதிதாக வாங்குவதானால் 28 சென்டிமீட்டர் விட்டம், கம்பி இடைவெளி இல்லாத மூடிய தளம், இல்லாவிட்டால் வால் மாட்டும்.

அதுவரை மகளுக்கு வேலை வேண்டுமென்றால் அந்தத் தராசைக் கையில் கொடுங்கள்.